குப்பை வாளியில் இருந்து தொடங்குங்கள்: வீட்டுக் குப்பையைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

2022 ஏப்ரல் கடைசியில் சென்னையின் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள் கணக்கில் எரிந்தது. எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கருகிய பிளாஸ்டிக் வாடை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. கொடியில் காய்ந்த துணியை எடுத்து மறுபடி துவைத்தோம். மாமியாருக்கு இருமல் நிற்கவே இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி மகள் கேட்டாள்: "அம்மா, அங்க நம்ம வீட்டுக் குப்பையும் எரியுதா?" ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

குப்பை மேடு ஏன் தீப்பிடிக்கிறது என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். நாம் கவரில் கட்டிப் போடும் சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்குக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எரியும் வாயு. வெயில் காலத்தில் ஒரு பொறி போதும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் முழுக்கப் பற்றிக்கொள்ளும். சென்னை ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. தெற்கே பெருங்குடி, வடக்கே கொடுங்கையூர் என்று பல பத்தாண்டுகளாக அது மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பதோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே. அதே 2022-ல்தான் அந்தச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

அந்த வாரம் தொடங்கியதுதான் எங்கள் வீட்டு மாற்றம். நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். வாடகை வீடு, இரண்டாவது மாடி, நான்கடி அகல பால்கனி. இதில் முடிந்தது எவர் வீட்டிலும் முடியும் என்று நம்பித்தான் படிப்படியாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, புதுப் புது டப்பா என்று எதையும் இப்போது வாங்க வேண்டாம். தொடங்க வேண்டிய இடம் கடை அல்ல, அடுப்படியில் இருக்கும் குப்பை வாளி.

முதல் படி: ஒரு வாரம் எடை போடுங்கள்

ஏழு நாள் குப்பையைத் தினமும் வெளியே கொடுப்பதற்கு முன் எடை பாருங்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். அது இல்லையென்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை வசதி, மொட்டை மாடியில் பழைய பேப்பரை விரித்து அன்றைய உலர் குப்பையைக் கொட்டி எண்ணுங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள், அவர்கள் எண்ணுவதில் கெட்டி.

எங்கள் வீட்டில் அந்த வாரம் ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அதில் ஆறு கிலோ வெறும் அடுப்படிக் கழிவு: காய்கறித் தோல், டீத்தூள், மீந்த சோறு, வாழைப்பழத் தோல், சாமிக்குப் போட்ட பூ. மிச்சத்தில் பால் கவர் 21, பிஸ்கட் சிப்ஸ் உறைகள், ஓட்டல் பார்சல் டப்பாக்கள், ஆன்லைனில் வாங்கிய சாமான்களின் அட்டைப் பெட்டி. நான் பயந்துகொண்டிருந்தது பிளாஸ்டிக்கை நினைத்து. தராசு காட்டியது ஈரக் குப்பையை. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் பாதிக்கு மேல் ஈரக் குப்பைதான் இருக்கும். அது ஒன்று மற்றதோடு சேராமல் இருந்தால், மிச்சம் இருப்பது நாற்றம் அடிக்காது, ஈ மொய்க்காது, பேப்பர் கடைக்காரரும் வாங்கிக்கொள்வார். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

இரண்டாம் படி: மூன்றாகப் பிரியுங்கள்

ஈரம், உலர், ஆபத்து. மூன்று வாளி. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டில் இப்படிப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டன.

"மக்கும் குப்பை, மக்காத குப்பை" என்று பேட்டரி வண்டியில் பாட்டுப் போடுகிறார்கள். அதைக் கேட்டு எங்கள் வீட்டில் ஒரு குழப்பம் வந்தது. காகிதம் மக்கும்தானே என்று மகன் செய்தித்தாளைச் சாம்பார் காயோடு போட்டுவிட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை, ஆனால் காகிதம் மறுசுழற்சிக்குப் போக வேண்டியது. அதனால் நாங்கள் பேச்சை மாற்றிக்கொண்டோம். "கையில் எடுத்தால் பிசுபிசுக்குமா? அப்படியென்றால் ஈர வாளி." இந்த ஒரு கேள்வி போதும், ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

ஈர வாளிக்குள் பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். அடியில் இரண்டு தாள் செய்தித்தாளை மடித்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தினமும் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். உலர் குப்பைக்கு மூடி வேண்டாம், ஒரு கோணிப்பையோ பழைய அரிசிச் சாக்கோ போதும்.

மூன்றாவதுதான் நம் வீடுகளில் யாரும் கவனிக்காதது. பிளேடு, உடைந்த கண்ணாடி, காலாவதியான மருந்து, பேட்டரி, பல்பு, ஊசி. ஒருநாள் கைதவறி உடைந்த கண்ணாடி டம்ளரை அப்படியே கவரில் போட்டு முடிந்து வைத்துவிட்டேன். குப்பை எடுக்க வரும் அக்கா அதைப் பிரித்தபோது ஆள்காட்டி விரல் கிழிந்துவிட்டது. புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடி இருந்தா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். மஞ்சள் வைத்துக் கட்டிவிடப் போனேன். "அதெல்லாம் பழகிப்போச்சு" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நாம் பிரிக்காமல் கொடுப்பதை யாரோ ஒருவர் கையால் பிரிக்கிறார். அன்றையில் இருந்து கண்ணாடி என்றால் கெட்டியான அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே "கண்ணாடி" என்று எழுதி, கையில் கொடுத்துச் சொல்லிவிடுவோம்.

மாமியார் இன்சுலின் போடுகிறார். அந்த ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, நிறைந்ததும் மருத்துவக் கழிவு வாங்கிக்கொள்ளும் மருத்துவமனையில் கேட்டுக் கொடுத்துவிடுவோம். சி.எஃப்.எல். பல்பிலும் ட்யூப் லைட்டிலும் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் அள்ளி, டேப்பால் ஒற்றி எடுத்து மூடிய டப்பாவில் போடுங்கள். பழைய போன், சார்ஜர், ரிமோட் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் சேரட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்தால் போதும்.

மூன்றாம் படி: ஈரக் குப்பையை உரமாக்குங்கள்

இதுதான் முக்கியமான படி. நேரம் எடுத்துப் படியுங்கள்.

முதலில் வாளி. மண்பானை அடுக்குகள் அழகாக இருக்கும், விலையும் கூடுதல். நாங்கள் வாங்கியது பெயிண்ட் கடையில் பழைய 20 லிட்டர் வாளிகள் மூன்று. ஏன் மூன்று? ஐந்து பேர் வீட்டில் ஒரு வாளி நிறைய மூன்று முதல் நான்கு வாரம் ஆகும். நிறைந்த வாளி உரமாக மேலும் இரண்டு மாதம் வேண்டும். மூன்றாவது வாளி நிறையும்போது முதல் வாளி தயாராக இருக்கும், சுற்று நிற்காது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இரண்டு வாளி போதும்.

வாளியை உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, டிரில் மிஷினால் பக்கங்களில் நாலு விரல் இடைவெளியில் துளை போடுங்கள். அடியில் ஏழெட்டுத் துளை, மூடியிலும் நாலைந்து. கம்பியைச் சூடாக்கிக் குத்த வேண்டாம், அந்தப் புகை கெடுதல். வாளிக்கு அடியில் ஒரு பழைய தட்டும், தட்டுக்குள் வாளியைத் தூக்கிப்பிடிக்க இரண்டு ஓட்டுத் துண்டும் வையுங்கள்.

அடுத்தது காய்ந்த சருகு. தொடங்கும் பலர் இதைச் சேர்க்காமல் விட்டுவிட்டுத்தான் "நாத்தம் தாங்கலை" என்று இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். உரமாக்கும் நுண்ணுயிரிகளுக்கு நைட்ரஜனைப்போல் 25 முதல் 30 மடங்கு கார்பன் வேண்டும். இதை வீட்டுக் கணக்காக மாற்றினால்: ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு ஒரு கிண்ணம் நொறுக்கிய சருகு, கொஞ்சம் கூடினாலும் நல்லது. மாசி பங்குனியில் வேப்ப மரமும் புங்க மரமும் தெருவெல்லாம் உதிர்க்கும். அப்போதே இரண்டு சாக்கு நிறைய அள்ளிக் காயவைத்துக் கட்டி வையுங்கள். தெரு பெருக்குபவரிடம் கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார். எரிக்கப் போகும் சருகு அது. சருகே கிடைக்காத இடமென்றால் தென்னைநார்த் தூள் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது நிரப்பும் முறை. வாளியின் அடியில் தேங்காய் நாரைப் பிய்த்து இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். அதன் மேல் ஒரு கை சருகு. பிறகு ஒரு கைப்பிடி பழைய உரம் அல்லது மரத்தடி மண். இரண்டும் இல்லாவிட்டால் புளித்த மோர் அரை டம்ளர் தெளித்தால் போதும். மோர் விஷயம் மாமியார் சொன்னது. "எங்க ஊர்ல கொல்லையிலேயே எருக்குழி இருந்துச்சு. குப்பைன்னு எதையும் வெளில குடுத்ததே இல்ல. இத வாளிக்குள்ள செய்யறே, அவ்வளவுதானே?" என்றார். அன்றில் இருந்து அந்த வாளிகள் அவர் பொறுப்பு.

அப்புறம் தினமும் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அன்றைய கழிவைப் பெரிய துண்டாக இல்லாமல் நறுக்கிப் போடுங்கள், அதே அளவு சருகால் மூடுங்கள், மூடியைப் போடுங்கள். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை நீளமான குச்சியால் அடிவரை கிளறுங்கள். ஐந்து நிமிட வேலை.

எதைப் போடலாம்: காய்கறித் தோல், பழத் தோல், பாலும் சர்க்கரையும் ஒட்டாமல் அலசிய டீத்தூள், நொறுக்கிய முட்டை ஓடு, கிழித்த வாழை இலை, நூலை உருவிய பூச்சரம், தண்ணீர் பிழிந்த சோறு. பழகும் வரை, அதாவது முதல் மூன்று மாதம், எண்ணெய்க் குழம்பு, இறைச்சி, மீன் முள் வேண்டாம். மாங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டை, மென்று துப்பிய முருங்கைக்காய் எல்லாம் மக்கும், ஆனால் ரொம்ப நாள் எடுக்கும். தனியாக வையுங்கள்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாமியாரிடம் ஒரு வழி இருக்கிறது. வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிவார். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. கொழுக்கட்டை மாதிரி பிடித்தபடி நின்றால் சரி. இதைவிட நல்ல கருவி எதுவும் எனக்குத் தெரியாது.

தகராறு வந்தால்:

புளித்த நாற்றமோ அழுகிய முட்டை நாற்றமோ வந்தால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். இரண்டு கை சருகு சேர்த்து அடிவரை கிளறி, ஒரு நாள் மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியைக் கட்டி வையுங்கள். மூக்கில் ஏறும் மூத்திர வாடை வந்தால் காய்கறிக் கழிவு அதிகமாகி, சருகு குறைந்துவிட்டது.

வெள்ளைப் புழு நெளியும். முதல் முறை பார்க்கும்போது எல்லாருக்கும் அருவருப்பு வரும். அவை பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈ என்ற பூச்சியின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று உரமாக்கிக் கொடுக்கும், கடிக்காது, நோய் பரப்பாது. பார்க்கப் பிடிக்காவிட்டால் சருகைக் கூட்டுங்கள், ஈரம் குறைந்ததும் அவையும் குறையும். சின்னச் சின்ன பழ ஈக்களுக்கு வேப்பம் புண்ணாக்குத் தூள் ஒரு ஸ்பூன் தூவலாம். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். எலி நடமாட்டம் இருந்தால் மூடி மேல் ஒரு கல்.

ஐப்பசி கார்த்திகை மழையில் எல்லாமே நசநசத்துப் போகும். வாளியைச் சாரல் படாத மூலைக்கு நகர்த்தி, சருகோடு தென்னைநார்த் தூளும் சேருங்கள். முதல் வருடம் மழைக்கு முன் சருகு சேர்த்து வைக்காமல் விட்டோம். அந்த டிசம்பரில் இரண்டு வாளியும் கெட்டுப்போய், வெயில் வந்த பிறகு மாடியில் பரப்பிக் காயவைத்துத்தான் மீட்டெடுத்தோம்.

இரண்டரை மாதம் கழித்து மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாக, உதிரியாக, முதல் மழை பெய்த மண் வாசனையோடு இருக்க வேண்டும். என்ன போட்டோம் என்று அடையாளம் தெரியக்கூடாது. சல்லடையில் சலித்து, கரடு முரடானதை அடுத்த வாளிக்குப் போட்டுவிடுங்கள். சலித்த உரத்தை மண்ணோடு ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து தொட்டியில் போடலாம்.

பால்கனியே இல்லாதவர்கள் விட்டுவிட வேண்டாம். ஈரக் குப்பையைத் தனி வாளியில் கலப்பில்லாமல் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது, அது மாநகராட்சியின் உரம் தயாரிக்கும் மையத்துக்குப் போக முடியும். பெரிய குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்: 5,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள குடியிருப்பு வளாகங்கள் ஈரக் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்பது 2016 விதியிலேயே இருந்தது.

நான்காம் படி: உலர் குப்பையைக் காசாக்குங்கள்

ஈரம் படாத உலர் குப்பையைப் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். செய்தித்தாள், நோட்டு, அட்டை, பால் கவர், தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், இரும்பு, அலுமினியம். என்னென்ன எடுப்பார் என்று உங்கள் தெருக் கடைக்காரரிடம் ஒருமுறை போய்க் கேட்டு எழுதி வந்துவிடுங்கள். கடைக்குக் கடை மாறும்.

பால் கவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாளைக்கு மூன்று என்றால் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல். அது நல்ல பாலித்தீன், மறுசுழற்சிக்கு ஏற்றது. வெட்டும்போது மூலையை முழுசாக வெட்டி எடுக்காதீர்கள். அந்தக் குட்டி முக்கோணத்தை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது, நேராகச் சாக்கடைக்கும் மாட்டின் வயிற்றுக்கும் போகிறது. கத்தரியைப் பாதியில் நிறுத்தி, மூலை கவரோடு தொங்கும்படி விடுங்கள். பாலை ஊற்றியதும் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, கவரைக் கவிழ்த்துக் கொடியில் கிளிப் போட்டுவிடுங்கள். காய்ந்ததும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நூலால் கட்டி வைத்தால் ஒரு மாதத்துக் கவரும் ஒரு நோட்டுத் தடிமன்தான் வரும்.

கடைக்காரர் எடுக்காதவையும் உண்டு: சிப்ஸ், பிஸ்கட் உறைகள், ஷாம்பு சாஷே, தெர்மாகோல். இந்த உறைகளில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், பிரிக்கவே முடியாது. துடைத்துத் தனிப் பையில் சேர்த்து மாநகராட்சி வண்டியில் கொடுங்கள். இப்படிப்பட்டவை சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகின்றன. மறுசுழற்சி ஆகாத பிளாஸ்டிக்கைத் துருவி, சூடான ஜல்லி மேல் உருக்கிப் பூசி, தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் சாலைக்கும் சுத்தமான, உலர்ந்த பிளாஸ்டிக்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: வீட்டுக்குள் வருவதைக் குறையுங்கள்

மூன்று மாதம் பிரித்த பிறகு எதைக் குறைக்க வேண்டும் என்று உங்கள் வாளியே சொல்லும். எங்கள் வாளி சொன்னது பார்சல்.

சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவதைப் பார்க்கும்போது இப்போது மனசு பதைக்கிறது. தூக்குவாளி எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போவது நம் ஊரில் எப்போதும் இருந்த வழக்கம். அடுக்கு டிபன் கேரியர் ஒன்றைப் பரணில் இருந்து இறக்குங்கள். இட்லி மாவுக்கு ஒரு ஸ்டீல் டப்பா, கோழிக்கறிக்கும் மீனுக்கும் மூடியுள்ள பாத்திரம். முதல் இரண்டு தடவை கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். மூன்றாவது தடவை, "வாங்கக்கா, டப்பாவைக் குடுங்க" என்று அவரே கை நீட்டுவார். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் பருப்பும் அரிசியும் பொட்டலமாகவோ உங்கள் பையிலோ வாங்கலாம். செக்கெண்ணெய்க்குக் கேன் கொண்டு போகலாம்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது, கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் மிஷினே வைத்தார்கள். எல்லார் வீட்டிலும் பை இருக்கிறது. கடைக்குப் போகும்போதுதான் கையில் இருப்பதில்லை. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இரண்டு, ஆபீஸ் பையில் ஒன்று, வாசல் ஆணியில் இரண்டு என்று நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டு மிச்சத்துக்கு நம் அடுப்படியிலேயே வழி இருக்கிறது. பீர்க்கங்காய்த் தோல் துவையல், வாழைக்காய்த் தோல் பொரியல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு. மீந்த சோறு தண்ணீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு, வெயில் காலமாக இருந்தால் வடகம். மீந்த குழம்பைச் சுண்டவைத்தால் மறுநாள் ருசி கூடும். ஃப்ரிட்ஜின் நடுத் தட்டு ஒன்றை "முதலில் காலி செய்ய வேண்டியவை" என்று ஒதுக்கிவிடுங்கள். பின்னால் ஒளிந்து கெட்டுப்போவது நின்றுவிடும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைப் புளிக்கவைத்துச் செய்யும் பயோ என்சைம் என்ற துப்புரவுத் திரவம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. கால்வாசி காலி இடம் விட்டுப் பிளாஸ்டிக் கேனில் மூடி மூன்று மாதம் வையுங்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். கண்ணாடி பாட்டிலில் செய்யாதீர்கள், வெடிக்கும். தரை துடைக்கவும் சிங்க் கழுவவும் நன்றாக இருக்கிறது. கிருமிநாசினி என்று நினைத்து நோயாளி இருக்கும் அறையில் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: குளியலறை

சாஷேவுக்குப் பதில் சீயக்காய், இல்லையென்றால் பெரிய பாட்டில். திரவ சோப்பு பாட்டிலுக்குப் பதில் கட்டி சோப்பு. இவை எளிது.

நாப்கின் விஷயத்தைக் கூச்சப்படாமல் பேச வேண்டும். அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். கலந்து போட்டால் அந்த அக்காதான் கையால் எடுக்கிறார். செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் தனியாகக் கொடுப்பது குறைந்தபட்ச மரியாதை. நான் சிலிக்கோனில் செய்த மாதவிடாய்க் கப்புக்கு மாறிவிட்டேன். பழக மூன்று மாதவிடாய் ஆனது. ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுத்து வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். கப் வேண்டாம் என்பவர்களுக்குத் துணி நாப்கின் இருக்கிறது: முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போட்டு, நல்ல வெயிலில் காயவையுங்கள். இதில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. என் மகளுக்கு என்ன வசதி என்பதை வயது வந்தபின் அவள்தான் முடிவு செய்வாள்.

ஏழாம் படி: பண்டிகையும் விசேஷமும்

போகி அன்று பிளாஸ்டிக், டயர், ரெக்சின் எதையும் எரிக்க வேண்டாம். 2018 போகியில் புகை மூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கவே முடியாமல் போனது. வீட்டில் கைக்குழந்தையும் வயசானவர்களும் இருப்பவர்களுக்கு அந்தக் காலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய பருத்திப் புடவை கரித்துணியாகும், பையாகத் தைக்கலாம். நல்ல நிலையில் இருக்கும் துணியைத் துவைத்து மடித்துக் கேட்பவருக்குக் கொடுங்கள்.

பிறந்த நாள், வளைகாப்பு என்றால் பாத்திர வாடகைக் கடையில் நூறு ஸ்டீல் டம்ளரும் தண்ணீர் டிரம்மும் எடுத்துவிடுங்கள். வாழை இலையில் பரிமாறுங்கள், இலை நேராக எருவுக்குப் போகும். கொலுவுக்கு வருபவர்களுக்கு நாங்கள் இப்போது கொடுப்பது வீட்டு உரத்தில் முளைத்த துளசிக் கன்று.

எட்டாம் படி: மறுபடி எடை போடுங்கள்

தொடங்கி ஆறு மாதம் கழித்து அதே தராசில் ஒரு வாரம் எடை பாருங்கள். எங்கள் வீட்டில் ஒன்பது கிலோ, ஒன்றரை கிலோவுக்கும் கீழே வந்தது. அடுப்படிக் கழிவு உரமாகிவிட்டது, பேப்பரும் பால் கவரும் கடைக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பது சிப்ஸ் உறை, மாமியாரின் மாத்திரை அட்டைகள், கூரியரில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் டேப். மாத்திரை அட்டைக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேர்ந்திருக்கிறது.

போன வாரம் எதிர் வீட்டு அம்மா பால்கனியில் நின்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "பெயிண்ட் வாளி வாங்கிட்டேன். அந்த மோர் எவ்வளவு ஊத்தணும்னு சொன்னீங்க?" மாமியார் உள்ளே வந்து, சலித்து வைத்திருந்த உரத்தில் ஒரு கைப்பிடி அள்ளிக் காகிதத்தில் பொட்டலம் கட்டினார். "மோர் வேணாம், இதப் போடச் சொல்லு" என்று பேத்தியிடம் கொடுத்தனுப்பினார்.